மறு: தீம் பார்க் கடை, உணவகப் பகுதிக்குத் தமிழ்ச் சொல் – ‘பூங்காப்பேட்டை’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

தீம் பார்க் நடத்தும் நிறுவனமே அதற்கு வெளியே கடைகள், உணவகங்கள், திரையரங்குகள் என்று ஒரு பகுதியைக் கட்டி நடத்துகிறதே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். இத்தனை பேர் மினக்கெட்டு எழுதியதற்கு முதலில் நன்றி. திருகோணமலையில் சுற்றுலாத்துறைப் பாடம் எடுக்கிறேன். தமிழ் மொழிமூல மாணவர்களுக்குக் குறிப்பு எழுதும்போது ‘கருப்பொருள் பூங்கா’ வரைக்கும் தடையில்லாமல் போனது. பூங்காவை விட்டு வெளியே வந்தவுடன் சொல் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலைக்குச் சேர்கிறார்கள், சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். அவர்கள் கையில் ஒரு உருப்படியான சொல்லைக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதுவரை வந்த சொற்கள்: கேளிக்கைக் கடைத்தெரு, கட்டணமிலா அங்காடி, வாயிலங்காடி, இடையங்காடி, பூங்காவடி. ஐந்தையும் அந்தப் பொருளின் வரலாற்றோடு உரசிப் பார்த்தேன். ஏனென்றால் இந்தப் பகுதிகள் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இன்று அங்கே விற்பதைப் பார்த்துப் பெயர் வைத்தால், கடை மாறும்போது சொல்லும் பிழையாகிவிடும்.

புளோரிடாவில் டிஸ்னி நடத்தும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 மார்ச்சில் திறந்தபோது அதன் பெயர் லேக் புவெனா விஸ்டா ஷாப்பிங் வில்லேஜ். பக்கத்தில் வீடுகள் கட்டி ஆட்களைக் குடியேற்றும் எண்ணம் அப்போது இருந்தது. குடியிருப்போருக்கும் கடை வேண்டும்தானே. ஏரிக்கரையில் தாழ்ந்த கூரைகளோடு, அமைதியான ஒரு கடைத்தொகுதி. குடியேற்றத் திட்டம் நினைத்தபடி வளரவில்லை. 1977இல் பெயர் வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் வில்லேஜ் ஆனது. 1989இல் டிஸ்னி வில்லேஜ் மார்க்கெட்பிளேஸ்.

அதே 1989 மே மாதம் பக்கத்திலேயே பிளெஷர் ஐலண்ட் திறந்தது. இரவு விடுதிகள், நடன அரங்குகள், நகைச்சுவை மேடை. ஒர்லாண்டோ நகர மையத்தில் இருந்த சர்ச் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் என்ற கேளிக்கைத் தொகுதிக்கு டிஸ்னி விருந்தினர்கள் இரவில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தைத் தன் வளவுக்குள்ளேயே வைத்திருக்க டிஸ்னி செய்த ஏற்பாடு அது. பல வருடங்களுக்கு அங்கே ஒவ்வோர் இரவும் புத்தாண்டு இரவுதான், நள்ளிரவில் வாணவேடிக்கையோடு. 2008 செப்டெம்பரில் மிஞ்சியிருந்த இரவு விடுதிகள் எல்லாவற்றையும் ஒன்றாக மூடினார்கள்.

1997இல் மேற்குப் பக்கத்தையும் சேர்த்து முழுவதற்கும் டவுண்டவுண் டிஸ்னி என்று பெயர். 2013இல் மறுபடி மாற்றம் அறிவித்தார்கள். 2015 செப்டெம்பரில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் ஆனது. 2016இல் டவுண் சென்டர் என்ற புதுப் பகுதி திறந்தது. இப்போது அது ஓர் ஊற்றைச் சுற்றி வளர்ந்த பழைய புளோரிடா ஊர் போல் புனையப்பட்டிருக்கிறது.

பெயர்கள் மட்டும் மாறவில்லை, உள்ளே இருந்தவையும் மாறின. மேற்குப் பக்கத்தில் 1998இல் டிஸ்னிகுவெஸ்ட் என்று ஐந்து மாடியில் ஒரு விளையாட்டுக் கூடம் திறந்தார்கள். வீட்டுக்கு வீடு நல்ல கணினி விளையாட்டுகள் வந்த பிறகு அதற்கு ஆள் குறைந்தது. 2017இல் மூடி இடித்து, அந்த இடத்தில் கூடைப்பந்தாட்டத்தை மையமாக வைத்து இன்னொன்று கட்டினார்கள். 2019 ஓகஸ்டில் திறந்தது, 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடியது, பிறகு திறக்கவே இல்லை. இசைத்தட்டு விற்ற வேர்ஜின் மெகாஸ்டோர் 2009இல் போனது. பாட்டை இணையத்தில் வாங்கும் காலம் வந்த பிறகு அவ்வளவு பெரிய கடை எப்படி நிற்கும்?

எனக்குப் பிடித்த உதாரணம் அங்குள்ள கப்பல். 1977இல் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் உருவத்தில் ஓர் உணவகம் கட்டினார்கள். பார்வைக்குக் கப்பல், ஓடாது, கரையோடு நிற்கும் கட்டடம். வோல்ட் டிஸ்னியின் மனைவி லிலியனின் பெயரை வைத்து எம்ப்ரெஸ் லில்லி என்று பெயர். 1996இல் அது ஃபுல்டன்ஸ் கிராப் ஹவுஸ், 2017இல் பாடில்ஃபிஷ். அடுக்களையும் சாப்பாட்டுப் பட்டியலும் பெயர்ப்பலகையும் மாறின, நடத்தும் ஆட்களும் மாறினார்கள். கப்பல் அதே ஏரிக்கரையில் நிற்கிறது. நிலமும் டிஸ்னியுடையதே.

என் வாதம் இந்தக் கப்பலில் இருந்துதான் தொடங்குகிறது. கடைக்காரர் வருவார், போவார். நிலத்துக்காரர் ஒருவரே. பூங்காவுக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் அந்த இடம் பிழைக்கிறது. இந்த மூன்றும் 1975இலும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சொல் இவற்றில் காலூன்ற வேண்டும்.

இனி நீங்கள் தந்த சொற்கள்.

‘கேளிக்கைக் கடைத்தெரு’ 1989க்குப் பொருந்தும். 1975இல் கேளிக்கை பெரிதாக இல்லை. 2016க்குப் பிறகு பெரும் பகுதி உடைக் கடைகளும் உணவகங்களும்தான். தெரு என்பதும் இடிக்கிறது, ஏரியைச் சுற்றிப் பரந்த இடம் அது.

‘கட்டணமிலா அங்காடி’ தந்த கோயம்புத்தூர் தம்பி நல்ல கூறைத்தான் பிடித்தார்: பூங்காவுக்குள் போகச் சீட்டு வேண்டும், இங்கே வேண்டாம். ஆனால் பிளெஷர் ஐலண்டுக்கு மாலையில் வாசலில் சீட்டு வாங்கித்தான் நுழைய வேண்டியிருந்தது, பல வருடங்களுக்கு. அந்தக் காலத்தை விளக்கும்போது ‘கட்டணமிலா அங்காடிக்குக் கட்டணம் வாங்கினார்கள்’ என்று எழுத வேண்டி வரும்.

‘வாயிலங்காடி’ சென்னை அக்கா தந்தது. ஒர்லாண்டோவில் 1999இல் திறந்த, யூனிவர்சல் நிறுவனத்தின் சிட்டிவாக்குக்கு இது அச்சாகப் பொருந்தும்: வாகனத்தை நிறுத்தி, சோதனை முடிந்து, சிட்டிவாக்குக்குள் நடந்துதான் இரண்டு பூங்காக்களின் வாசலுக்கும் பிரிய வேண்டும். கலிபோர்னியாவின் அனஹைமில் 2001இல் திறந்த டவுண்டவுண் டிஸ்னியும் ஹோட்டல்களுக்கும் பூங்கா வாசலுக்கும் நடுவில் இருக்கிறது. பாரிஸுக்குப் பக்கத்தில், கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் கெரியின் வடிவமைப்பில் 1992இல் திறந்து, பின்னர் டிஸ்னி வில்லேஜ் ஆனதும் அப்படித்தான். ஆனால் நான் மேலே எழுதிய புளோரிடாப் பகுதி எந்தப் பூங்காவின் வாசலிலும் இல்லை. பூங்காக்களிலிருந்து பஸ்ஸிலோ காரிலோதான் போக வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய உதாரணமே வெளியே நின்றால் அந்தச் சொல்லை எப்படி எடுப்பது?

‘இடையங்காடி’யை விட எனக்கு மனமே வரவில்லை. சிலப்பதிகாரத்துப் புகாரில் நாளங்காடி (பகல் சந்தை) மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட மரச்சோலையில்தான் இருந்தது என்று அதை முன்மொழிந்தவர் காட்டியது அருமை. அனஹைமையும் பாரிஸையும் விளக்க இதைவிடப் பொருத்தமான பழைய படம் கிடைக்காது. வாயிலங்காடிக்கு வந்த அதே தடைதான் இதற்கும். குறிப்பில் அந்தப் பகுதியைக் கட்டாயம் மேற்கோளாகச் சேர்ப்பேன்.

‘பூங்காவடி’ மட்டக்களப்பு அண்ணனுடையது. கோவிலடி, சந்தியடி, ஆலடி என்று நாம் நாள்தோறும் பேசுகிற ‘அடி’. எங்கள் கோணேசர் கோவிலடியை நினைத்தால் எவ்வளவு பொருத்தம்! கோட்டை வாசலைத் தாண்டி மலைக்கு ஏறும் வழியில் அர்ச்சனைத் தட்டு, மணிமாலை, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், குளிர்பானம் என்று கடைகள். வாழைப்பழப் பைக்குள் மூக்கை நுழைக்க மான்கள் வந்து நிற்கும். கோவிலை நம்பி வளர்ந்த இடம், ஆனால் கோவிலின் பகுதி அல்ல. அந்த உறவை ‘அடி’ ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. இரண்டு காரணத்தால்தான் தயங்குகிறேன். ஒன்று, எழுத்தில் பார்த்தவுடன் காவடி நினைவு வருகிறது. வகுப்பில் எழுதிக்காட்டியபோது பிள்ளைகள் ‘பூக் காவடியா, சேர்?’ என்றுதான் கேட்டார்கள். இரண்டு, இந்த ‘அடி’ தமிழ்நாட்டில் இந்த அளவுக்குப் புழக்கத்தில் இல்லை. சொல் இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

அதனால் நான் முன்வைப்பது ‘பூங்காப்பேட்டை’.

பேட்டை என்பது கோட்டைக்கு வெளியே, கோட்டையை நம்பி எழுந்த வணிகக் குடியிருப்பு. கொழும்பில் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் புறக்கோட்டையை ஆங்கிலத்தில் பெட்டா என்கிறார்களே, அந்தப் பெட்டா நம் பேட்டைதான். என்ன விற்க வேண்டும் என்று பேட்டை கட்டாயப்படுத்துவதில்லை. புடைவை விற்ற கடையில் நாளை கைத்தொலைபேசி விற்றாலும் அது பேட்டைதான். வாசலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்றும் இல்லை, சற்றுத் தள்ளியும் இருக்கலாம்.

அடுத்தது இன்னும் முக்கியம். ‘தொழிற்பேட்டை’ ஏற்கெனவே வேரூன்றிய கலைச்சொல். இலங்கையில் கைத்தொழிற்பேட்டை என்கிறோம். ஒரு நிலத்துக்காரர் காணியைப் பண்படுத்தி, பாதையும் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து, பலருக்கும் குத்தகைக்கு விடும் ஏற்பாடு அது. தீம் பார்க்கின் கடைப்பகுதியும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். சில கடைகளை நிறுவனம் தானே நடத்தும், மற்றவை குத்தகைக்காரர்களுடையவை. அனஹைமில் 2018இல் புது ஹோட்டல் கட்டுவதற்காகத் திரையரங்கும் பெரிய உணவகங்களும் மூடப்பட்டன. அதே வருடம் ஹோட்டல் திட்டமே கைவிடப்பட்டது. நிலத்துக்காரர் ஒரு முடிவெடுத்தால் குத்தகைக்காரர் எழுந்து போக வேண்டியதுதான். மாணவர்களுக்கு நான் புரியவைக்க நினைப்பது இந்த உறவைத்தான், ‘பேட்டை’ அதைச் சுமக்கிறது.

கூடவே இரண்டு சிறு சொற்கள். பழைய கட்டடத்துக்குப் புதிய வேடம் போடுவதற்கு ‘மறுபுனைவு’ போதும். புதுப்பித்தல் என்றால் சுண்ணாம்பு அடிப்பதும் அடங்கிவிடும். இடத்துக்கென்று நிறுவனம் இட்டுக்கட்டும் வரலாற்றுக்கு ஒருவர் ‘தலபுராணம்’ என்று எழுதியிருந்தார். டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்கு ஊற்றுக் கதை, பிளெஷர் ஐலண்டுக்கு மெரிவெதர் பிளெஷர் என்ற கற்பனை வணிகரின் கதை. வடிவம் ஒத்துப்போகிறது என்பது உண்மை. ஆனால் கோணமலைக்குத் தலபுராணம் பாடியவர்களும் அதைக் கேட்டு வளர்ந்தவர்களும் அதை வழிபாட்டோடு வைத்திருக்கிறார்கள். விற்பனைக்காக எழுதிய கதைக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. ‘தலப்புனைவு’ என்று வைப்போம்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து

————

அன்புள்ள தம்பி,

வாயிலங்காடியை நீங்கள் தள்ளிய காரணம் சரிதான், விட்டுவிடுகிறேன். பேட்டை விஷயத்தில் மட்டும் இரண்டு கேள்வி. சென்னையில் பேட்டை என்றால் ஆளுக்கொரு ஏரியா; ‘எங்க பேட்டை’ என்று உரிமையோடும் சொல்வோம், ‘பேட்டை ரவுடி’ என்றும் சொல்வோம். பளபளவென்று கண்ணாடிக் கடைகள் இருக்கும் இடத்துக்கு இந்தச் சொல் ஒட்டுமா? அடுத்து, இங்கே பூங்கா நகர் என்று ஓர் இடமே இருக்கிறது. பூங்காப்பேட்டை என்று தனியாகப் படிப்பவர் சைதாப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை வரிசையில் இன்னோர் ஊர்ப் பெயர் என்றுதான் நினைப்பார். அப்புறம், கொழும்பில் பழைய டச்சு மருத்துவமனையைக் கடைகளும் உணவகங்களுமாக மாற்றியிருக்கிறார்களாமே, அதையும் இப்படித்தான் சொல்வீர்களா?

சென்னையிலிருந்து அக்கா

————

அன்புள்ள அக்கா,

ரவுடி நினைவு ‘பேட்டை’ தனியாக வரும்போதுதான். கிண்டித் தொழிற்பேட்டை என்று கேட்டால் உங்களில் யாருக்கும் ரவுடி நினைவு வருவதில்லையே. முன்னொட்டு சேர்ந்தவுடன் சொல்லின் முகம் மாறிவிடுகிறது. பளபளப்பைப் பற்றி: அதைச் சொல்லுக்குள் வைக்காமல் இருப்பதே நல்லது. 1975இன் ஏரிக்கரைக் கடைகளில் அந்தப் பளபளப்பு இல்லை, ஆனால் அதுவும் இதே இனம்தான்.

ஊர்ப் பெயர்க் குழப்பத்தை ஏற்கிறேன். நான் யோசிக்காத பக்கம் அது. ஒரு வழி சொல்கிறேன்: முதலில் வரும் இடத்திலும் தலைப்பிலும் ‘கேளிக்கைப்பூங்காப் பேட்டை’ என்று முழுதாக எழுதுவோம், பிறகு வரும் இடங்களில் ‘பூங்காப்பேட்டை’. கருப்பொருள் பூங்கா என்பதையும் சேர்த்தால் நீளம் தாங்காது; பேட்டையைப் பொறுத்தவரை பூங்கா எந்த வகை என்பது அவ்வளவு முக்கியமும் இல்லை.

டச்சு மருத்துவமனையைச் சேர்க்கமாட்டேன். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது, மாலையில் கூட்டம் நிறைகிறது, எல்லாம் சரி. ஆனால் அதற்குத் தாயாக ஒரு பூங்கா இல்லை, நகரம்தான் இருக்கிறது. அது மரபுக் கட்டட வணிக வளாகம். அதேபோல் உப்புவெளிக் கடற்கரை உணவகங்களும் வரா. காணி பலருடையது, யாரும் மேலிருந்து திட்டமிட்டுப் புனையவில்லை, சீசன் வந்தால் திறக்கும், மழை தொடங்கினால் பாதி மூடும். இந்த இரண்டையும் எல்லை காட்டும் உதாரணங்களாகக் குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

சொல்லடைவுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துத் திருத்துங்கள்:

கேளிக்கைப்பூங்காப் பேட்டை, சுருக்கமாகப் பூங்காப்பேட்டை: கேளிக்கைப் பூங்கா நடத்தும் நிறுவனம், பூங்காவுக்கு வெளியே தன் நிலத்தில் அமைத்து, தானும் குத்தகைக்காரரும் கடைகள், உணவகங்கள், கேளிக்கை அரங்குகள் நடத்தும் பகுதி. காலத்துக்குக் காலம் மறுபுனைவுக்கு உட்படும்.

‘தன் நிலத்தில்’ என்பதை இப்படி இறுக்கிச் சொல்வதா, ‘தன் பொறுப்பில்’ என்று தளர்த்துவதா என்பதுதான் எனக்கு இன்னும் முடியாத இடம். தோக்கியோவுக்குப் பக்கத்தில் 2000இல் திறந்த இக்ஸ்பியாரியை நடத்துவது அமெரிக்க டிஸ்னி இல்லை, ஷங்ஹாயில் 2016இல் திறந்த டிஸ்னிடவுணை நடத்துவது அமெரிக்க டிஸ்னி மட்டும் இல்லை. தோக்கியோ டிஸ்னிப் பூங்காவையே ஜப்பானிய நிறுவனம்தான் நடத்துகிறது. மட்டக்களப்பு அண்ணன் காணிச் சட்டச் சொற்களில் கைதேர்ந்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வரியை முடித்துவிடலாம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து