பலே நடன மங்கையர் இருவரின் வெண்கலச் சிலை: உரிமை வரலாற்றை எங்கிருந்து தேடுவது?

கேள்வி (கல்லடி)

அனைவருக்கும் வணக்கம். பலே நடனமாடும் இரு பெண்களைக் காட்டும், ஏறத்தாழ ஒரு முழ உயரமான வெண்கலச் சிலையொன்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. தென்னந்தோட்டத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற தளபாடங்களோடு அம்மப்பா அதை வாங்கினார் என்று அம்மா சொல்வார். வீட்டிலிருந்த பத்திரங்கள் 1978 சூறாவளியில் கூரையோடு போய்விட்டன. பீடத்தில் ‘டெகா’ என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாங்க விரும்பும் ஒருவர் உரிமை வரலாற்றை, அதாவது சிலை யார் யாரிடம் இருந்து வந்தது என்பதைக் கேட்கிறார்.

பதில் 1 (ஆரையம்பதி)

சகோதரி, பெயரை நம்பாமல் முத்திரையைத் தேடுங்கள். பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா 1917இல் இறக்கும்வரை தம் சிற்பம் எதனையும் வெண்கலத்தில் வார்ப்பிக்கவில்லை. 1881இல் அவர் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் உருவம் மெழுகால் ஆனது. அதற்கு உண்மையான துணிப் பாவாடையே அணிவித்திருந்தார். வெண்கலப் படிகளை அவருடைய வாரிசுகளின் இசைவோடு பாரிஸிலிருந்த எப்ரார் வார்ப்பகம் பின்னர் வார்த்தது. அவற்றில் வார்ப்பக முத்திரையோடு, எந்த உருவம் என்பதற்கு ஓர் இலக்கமும், எந்தத் தொகுதி என்பதற்கு ஓர் எழுத்தும் இருக்கும். விற்பனைக்கான தொகுதிகள் ஏ (A) முதல் டீ (T) வரை. அந்த எழுத்துத் தெரிந்தால்தான் ஒரு படி யார் யார் கைக்குப் போனது என்று தொடர முடியும். மேலும், அவருடைய நடன வெண்கலங்கள் தனி உருவங்கள். இருவர் சேர்ந்து ஆடுகிறார்கள் என்றதுமே எனக்கு ஐயம் எழுந்தது.

பதில் 2 (அக்கரைப்பற்று)

யார் செய்தது என்பது ஒன்று, யாரிடம் இருந்தது என்பது வேறொன்று. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் 143 சென்றிமீற்றர் உயரச் சிலை திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது என்றும், இலங்கையின் முன்னாள் ஆளுநர் றொபேட் பிரவுன்றிக் 1830இல் அதைக் கொடுத்தார் என்றும் பதிவு சொல்கிறது. அது யார் வணங்கிய சிலை, யார் கையிலிருந்து அவரிடம் போனது என்பதை அந்தப் பதிவு சொல்லவில்லை. நம் கரையிலிருந்து போன பொருளுக்கே இந்த நிலை என்பது எனக்கு இன்றும் வேதனை. ஆகவே அம்மா சொல்வதைத் தோட்டத்தின் பெயர், ஆண்டு, விலை என்று கேட்டுக் கேட்டு எழுதி, திகதியிட்டு, கையொப்பம் வாங்கிவையுங்கள். பழைய குடும்பப் படங்களையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பீடத்தின் அடியில் ஒட்டியிருந்த பச்சைக் கம்பளித் துணியை உரித்துப் பார்த்தேன்: முத்திரையும் இல்லை, இலக்கமும் இல்லை. ஆனால் அம்மாவின் கல்யாணப் படத்தில், அலுமாரிக்கு மேல், வலப்பக்கப் பெண்ணின் தூக்கிய கை தெளிவாகத் தெரிகிறது. வாங்க வந்தவரிடம் டெகாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தையும் அம்மாவின் எழுத்தையும் மட்டும் கொடுக்கிறேன்.