சதுரங்க ஆட்டங்களைத் தொகுத்து ஆராய: பழைய மடிக்கணினிக்கு எந்த மென்பொருள்?

கேள்வி

வணக்கம். 13 வயதாகும் என் மகள் மாநிலப் போட்டிகளில் ஆடி வருகிறாள். அவளுடைய ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் 1600-ஐ ஒட்டி உள்ளது. எனக்குக் காய் நகர்த்தத் தெரியுமே தவிர, அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஆட்டம் தெரியாது. அவளுடைய ஆட்டங்களையாவது ஒழுங்காகத் தொகுத்துத் தர விரும்புகிறேன். வீட்டில் இருப்பது 4 ஜிபி நினைவகமும் உபுண்டுவும் கொண்ட பழைய மடிக்கணினி.

பயிற்சியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய காரோ-கான் (கறுப்புக்கான ஒரு தொடக்க முறை) ஆட்டத் தொகுப்பு, சிபிஎச் என்று முடியும் ஒரே கோப்பாக வந்தது. அதை எதிலும் திறக்க முடியவில்லை. பிறகு ஸ்கிட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஆட்டங்களைப் பதிந்து வைக்கும் பிஜிஎன் கோப்புகளாக இணையத்தில் கிடைத்தவற்றை எல்லாம் அதில் சேர்த்தேன். ஆனால் குகேஷ் கறுப்புக் காய்களுடன் ஆடியவற்றைத் தேடினால், பெயரை எழுதும் விதத்துக்கு ஏற்ப எண்ணிக்கை மாறுகிறது. ஒரே ஆட்டம் இரண்டு மூன்று முறையும் வருகிறது. செஸ்பேஸ் என்ற கட்டண மென்பொருளை வாங்கினால்தான் இவை தீருமா?

மறுமொழி 1

கோப்பு பழுதாகவில்லை, ஐயா. செஸ்பேஸ் ஒரு தொகுப்பைப் பல கோப்புகளாகப் பிரித்து வைக்கிறது. ஆட்டங்களின் தலைப்பு விவரம் சிபிஎச் கோப்பிலும், நகர்த்தல்கள் சிபிஜி கோப்பிலும், விளக்கக் குறிப்புகள் சிபிஏ கோப்பிலும் இருக்கும். உங்களுக்கு வந்தது புத்தகத்தின் பொருளடக்கம் மட்டுமே. தொகுப்பை பிஜிஎன் வடிவில் ஏற்றுமதி செய்து அனுப்பும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள். 1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த அந்த வடிவம் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், எல்லாச் சதுரங்க மென்பொருள்களும் அதைப் படிக்கும்.

செஸ்பேஸ் விண்டோஸில் மட்டுமே முறையாக இயங்கும். அதனுடன் விற்கப்படும் மெகா தொகுப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் உள்ளன. அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு விளக்கக் குறிப்புகள் இருப்பதே அதன் உண்மையான மதிப்பு. 1600 ரேட்டிங்கில் அதற்காகக் கணினியையும் சேர்த்து மாற்றுவது தேவையற்ற செலவு என்றே கருதுகிறேன். பயிற்சியாளரோடு பகிர்ந்து பார்க்க லிச்செஸ் தளத்தின் ஆய்வுப் பகுதி இலவசம். ஓர் ஆய்வில் 64 அத்தியாயங்கள் வரை வைக்கலாம்.

மறுமொழி 2

பெயர்ச் சிக்கலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பெயர்கள் இந்தத் தொகுப்புகளில் படும் பாடு தனி. ஐரோப்பியப் பெயர்களுக்காக வகுத்த முறையில் குடும்பப் பெயர் முதலில் வரும். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான். அதனால் பிரக்ஞானந்தா ஒரு கோப்பில் ‘பிரக்ஞானந்தா, ஆர்’ என்றும், மற்றொன்றில் ‘பிரக்ஞானந்தா ரமேஷ்பாபு’ என்றும் இருப்பார். வேறொன்றில் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகக் கொள்ளப்பட்டிருக்கும். மென்பொருளுக்கு இவர்கள் மூன்று வேறு ஆட்டக்காரர்கள். செஸ்பேஸ் வாங்கினாலும், கண்ட கோப்புகளைக் கலந்து சேர்த்தால் இதே நிலைதான்.

முதலில் தொகுப்பின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். அடுத்து ஸ்கிட்டின் பராமரிப்புச் சாளரத்தில் பெயர்த் திருத்தத்தை இயக்குங்கள். புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் பெயர்களை அது தன் எழுத்துக்கூட்டுக் கோப்பை (சரியான பெயர்களின் பட்டியலை) கொண்டு ஒன்றாக்கும். அதன் பிறகே இரட்டை ஆட்டங்களை நீக்க வேண்டும், ஏனெனில் ஆட்டக்காரர் பெயரும் ஒத்திருந்தால்தான் இரண்டும் ஒன்றே என்று அது முடிவு செய்யும். நீக்கியவை முதலில் நீக்கக் குறி மட்டுமே பெறுகின்றன. சரிபார்த்துவிட்டுக் கடைசியில் தொகுப்பைச் சுருக்கினால்தான் முற்றிலும் அகலும்.

உங்கள் மகளுடன் ஆடிய பிள்ளைகளின் பெயர்கள் எழுத்துக்கூட்டுக் கோப்பில் இருக்காது. அவற்றை ஃபிடே பட்டியலில் உள்ளபடியே கையால் திருத்துங்கள். அவளுடைய ஆட்டங்களைத் தனித் தொகுப்பாகவே வைத்திருங்கள். பெரிய தொகுப்போடு கலக்க வேண்டாம். புதிய ஆட்டங்களுக்கு, மார்க் கிரவுதர் 1994 முதல் நடத்திவரும் ‘தி வீக் இன் செஸ்’ வாராந்திரக் கோப்பு ஒன்றே போதும்.

கேட்டவர்

மிக்க நன்றி. பயிற்சியாளர் பிஜிஎன் கோப்பை அனுப்பிவிட்டார், திறக்கிறது. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். இப்போது எப்படித் தேடினாலும் ஒரே எண்ணிக்கைதான் வருகிறது. இன்னும் ஒன்று: நகர்த்தல்களை மதிப்பிடும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை இணைத்ததும் மடிக்கணினி திணறுகிறது.

மறுமொழி 1

எஞ்சின் அமைப்பில் ஹாஷ் நினைவகத்தை (கணக்கிட்டதை எஞ்சின் சேமிக்கும் இடத்தை) 512 எம்பிக்கு மேல் வைக்காதீர்கள். செயலி இழைகளில் ஒன்றைக் கணினியின் பிற வேலைகளுக்கு விட்டுவிடுங்கள். திணறல் குறையும்.

ஆனால் ஆட்டம் முடிந்து வந்தவுடன் எஞ்சினைத் திறந்துவிடாதீர்கள். குகேஷ் தம் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் வழிகாட்டுதலில் 2500 ரேட்டிங்கைத் தாண்டும்வரை எஞ்சின் இல்லாமலே பயின்றார். அவ்வளவு கண்டிப்பு எல்லாருக்கும் ஒத்துவராது. இருப்பினும் எந்த இடத்தில் என்ன நினைத்து நகர்த்தினாள், எதைக் கண்டு அஞ்சினாள் என்பதை மகள் தன் சொற்களிலேயே ஸ்கிட்டின் குறிப்புப் பெட்டியில் எழுதட்டும். அதைச் சேமித்த பிறகு எஞ்சினின் மதிப்பீட்டைத் தனிக் கிளையாக (மாற்று நகர்த்தல் வரிசையாக) சேருங்கள். அவள் எழுதியதன் மேல் அதை எழுதிவிடாதீர்கள்.

கேட்டவர்

அப்படியே செய்கிறோம். நேற்றுத் தோற்ற ஆட்டத்துக்கு இன்று மாலை எழுத உட்கார்ந்தாள். 14-ஆவது நகர்த்தலுக்கு மட்டும் அரைப்பக்கம் எழுதியிருக்கிறாள்.