சீலோவாம் குளத்தில் பெரியம்மா கேட்ட கேள்வி

எருசலேமுக்குக் குழுவாகப் போனபோது திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் எங்களோடு வந்திருந்தார். எதையும் கேட்காமல் விடமாட்டார். கைடு பாவம்.

சீலோவாம் குளத்தை நம்மூர்த் தெப்பக்குளம் போல நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். நாங்கள் போனபோது ஒரு பக்கத்து அகலமான கல்படிகள் மட்டுமே தெரிந்தன, மீதிக் குளம் தோட்டத்து மண்ணுக்கு அடியில். அந்தப் படிகளும் 2004-ல் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டியபோது அகப்பட்டவை. எசேக்கியா ராஜா காலத்து 533 மீட்டர் சுரங்கம் வழியாகக் கீகோன் ஊற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது.

படியில் உட்கார்ந்து எங்கள் சபைப் போதகரான ஐயர் யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தை வாசித்தார். பிறவிக் குருடன், இயேசு அவன் கண்ணில் பூசிய சேறு, 'சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு'. பெரியம்மா தேவாலய மேட்டை அண்ணாந்து பார்த்தார். "ஐயரே, இம்புட்டு இறக்கம் இருக்கே. கண்ணுல சேத்தோட அவனை யாரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா?"

"வேதத்துல அது இல்லையேம்மா" என்று ஐயர் சிரித்தார்.

ராத்திரி ஹோட்டலில் நானே அந்த அதிகாரத்தை எடுத்தேன். 41 வசனங்களில், ஏழாவதிலேயே பார்வை வந்துவிடுகிறது. அப்புறம் எல்லாம் விசாரணைதான். அக்கம்பக்கத்தார் இவன் அவன்தானா என்கிறார்கள். யூத மதச் சட்டத்தில் கண்டிப்பான பரிசேயருக்கோ, வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளில் இயேசு சேறு குழைத்ததுதான் பிரச்சினை, முடிவை வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். இவனோ 'தெரியாது' என்று கூசாமல் சொல்கிறான். முதலில் 'இயேசு என்னப்பட்ட ஒருவர்' என்கிறான், பிறகு தீர்க்கதரிசி, பிறகு தேவனிடமிருந்து வந்தவர். அவர்கள் துருவத் துருவ இவனுக்குத்தான் தெளிகிறது. 'அவருக்குச் சீஷராக உங்களுக்கும் மனதுண்டோ' என்று திருப்பிக் கேட்கும் துணிச்சலும் வந்துவிடுகிறது. (எனக்குப் பிடித்த இடம்.) வெளியே தள்ளியபின் இயேசுவே அவனைத் தேடி வருகிறார். அப்போதும் அவன் வாயில் ஒரு கேள்விதான்: அவர் யார்?

மறுநாள் காலைச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். பெரியம்மா தலையாட்டிவிட்டு, "சரி, பெத்தவங்கதான் கூட்டிட்டு வந்திருப்பாங்களோ?" என்றார்.

"அவங்களா? விசாரிச்சப்போ ஜெபஆலயத்தை விட்டுத் தள்ளிடுவாங்கன்னு பயந்து, 'வயசு வந்தவன், அவனையே கேளுங்க'ன்னு கழண்டுக்கிட்டாங்களே" என்றார் ஐயர்.

"அப்போ அவங்க இல்லை. வேற யாரோ" என்று பெரியம்மா இட்லி இல்லாத தட்டைப் பார்த்துக்கொண்டே யோசிக்க ஆரம்பித்தார்.