அக்டோபரில் 3 இரவு: ரைன் கரையா, மோசல் கரையா?

அடைமழை:
ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் இரண்டாவது வாரம் அம்மாவும் அப்பாவும் சென்னையிலிருந்து வருகிறார்கள். ஊர் ஊராக அலைய வைக்காமல் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் 3 இரவு தங்க வைக்கலாம் என்று யோசனை. கார் கிடையாது. அம்மா சுத்த சைவம், அப்பாவுக்கு முழங்கால் வலி, பத்துப் படி ஏறினாலே உட்கார இடம் தேடுவார். ரைன் கரையில் பாகராக், மோசல் கரையில் பைல்ஷ்டைன், மைன் கரையில் மில்டன்பெர்க் என்று பார்த்து வைத்திருக்கிறேன். படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, மரச்சட்டம் போட்ட வீடு, மேலே கோட்டை, கீழே ஆறு. எதற்குப் போகலாம்?

ஜன்னலோரம்:
பாகராக். வேறு யோசனையே வேண்டாம். மைன்ஸில் ஒரு முறை மாறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், முழுக்க லோக்கல் ரயில் என்பதால் டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க லோக்கல் ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டு) செல்லும். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை. பாகராக்கில் 1368ம் வருடத்து மரவீடு இன்னும் நிற்கிறது, உள்ளே சாப்பாட்டுக் கடை. கப்பலில் ஏறி சங்க்ட் கோவார் வரை போனால் நடு ஆற்றில் நிற்கும் கோட்டை, அப்புறம் லோரலைப் பாறை எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். முழங்கால் வலிக்கு இதைவிட என்ன வேண்டும்?

தூக்கம்போச்சு:
ராத்திரி தூங்க வேண்டாமா சார்? பாகராக்கில் தண்டவாளம் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் போகிறது. பழைய மதில் சுவரை ஒட்டியே போகிறது. ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றால் தண்டவாளத்துக்கு அடியில் குனிந்து போய், அப்புறம் நெடுஞ்சாலையையும் தாண்ட வேண்டும். எதிர்க்கரையிலும் ஒரு தண்டவாளம், அது ரோட்டர்டாமிலிருந்து ஜெனோவா போகிற சரக்குப் பாதையின் ஒரு பகுதி. ஆற்றைப் பார்த்த ரூம் என்று கூடுதலாகக் கொடுத்து ஒரு விடுதியில் தங்கினோம். ரெண்டு மணிக்கு சரக்கு வண்டி போகும்போது மேஜையில் வைத்த கண்ணாடி டம்ளர் கிணுகிணு என்று நகர்ந்தது. காலையில் சொன்னால் விடுதிக்கார அம்மா சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பெட்டி காதடைப்பான் நீட்டினார். அதாவது அவர்களே வாங்கி வைத்திருக்கிறார்கள்!

ஜன்னலோரம்:
எப்போது போனீர்கள்? 2020 டிசம்பரிலிருந்து பழைய இரும்பு பிரேக் கட்டை போட்ட சரக்கு வண்டிகளுக்கு ஜெர்மனியில் தடை. முன்பு இருந்த சத்தம் இப்போது இல்லை. ஆற்றைப் பார்த்த ரூமே வேண்டும் என்று அடம்பிடிக்காமல் ஊருக்குள் தள்ளி, பின்பக்கப் பள்ளத்தாக்குத் தெருவில் ரூம் எடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

தூக்கம்போச்சு:
அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் போனேன். சத்தம் குறைந்திருக்கிறது என்பது சரி, போய்விட்டது என்று சொல்வதுதான் தப்பு. அப்புறம் ஆற்றங்கரை ஊருக்குப் போய் ஆறு தெரியாத பின்தெருவில் படுப்பதற்கு ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே படுக்கலாமே.

வடலி:
தம்பி, நான் யேர்மனிக்கு வந்து கனகாலம், சொல்லுறதைக் கேளுங்கோ. மோசல் பக்கம் போங்கோ. கோகெம் வரைக்கும் ரயில் ஆற்றோட வரும், அதுக்குப் பிறகு 4 கிலோமீற்றருக்கு மேல நீளமான சுரங்கத்துக்குள்ள பூந்து எடிகர்-எல்லரில வெளியில வரும். ஆறு மட்டும் பெரிய வளைவு எடுத்துச் சுத்திப் போகும். அந்த வளைவுக்குள்ள இருக்கிற ஊர்களில தண்டவாளமே இல்லை. பைல்ஷ்டைன் அதிலதான் இருக்குது. பின்னேரம் சுற்றுலாச் சனம் போன பிறகு ஆரும் கதைச்சால் அடுத்த தெருவுக்குக் கேக்கும், அவ்வளவு அமைதி. கோகெமில இருந்து பஸ் இருக்கு.

ஆனால் அப்பாவுக்கு முழங்கால் எண்டால் பைல்ஷ்டைனுக்குள்ள தங்க வேண்டாம். அங்க எல்லாம் படிதான், தேவாலயத்துக்கே நீளமான கல்படி. எதிர்க்கரையில எல்லன்ஸ் எண்டு ஒரு ஊர், அங்க தங்குங்கோ. சமதரை. பைல்ஷ்டைன் முழுசா வடிவாத் தெரியிறதும் அங்கயிருந்துதான். அக்கரைக்குப் படகு இருக்கு.

ஜன்னலோரம்:
மோசல் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஆறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிரான்ஸிலிருந்து கோப்லென்ஸ் வரை அணை கட்டி, கப்பலை ஏற்றி இறக்கப் பூட்டுமடை வைத்து, 1964ல் கால்வாயாக மாற்றிவிட்டார்கள். தண்ணீர் நகர்கிறதா என்று இலையைப் போட்டுப் பார்க்க வேண்டும். ரைனில் போய் நின்று பாருங்கள். லோரலைக்குக் கீழே எதிர்நீச்சல் போடுகிற சரக்குப் படகு முழு எஞ்சினையும் போட்டு உறுமிக்கொண்டு அங்கேயே நிற்பது மாதிரி இருக்கும், எதிரே இறங்கி வருகிற எண்ணெய்க் கப்பல் வளைவில் பின்பக்கம் இழுபட, கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிப் போய்விடும். அந்த வளைவில் எதிரே யார் வருகிறார்கள் என்று கப்பல்காரருக்குத் தெரியாது என்பதால் கரையில் விளக்கு வைத்து சைகை காட்டுகிறார்கள். எங்கள் அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காபி ஆறும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதானவர்களுக்கு வேடிக்கை பார்க்க ஏதாவது நடக்க வேண்டும். மோசலில் என்ன நடக்கிறது? வாத்து போகிறது.

வடலி:
ஓடுற ஆறு எண்டு பெருமைப்படுறியள். 2018 அக்டோபரில என்ன நடந்தது? கௌப் ஊரில இருக்கிற ஆற்று நீர்மட்ட அளவுகோலில 25 சென்ரிமீற்றர். நீங்கள் சொன்ன அந்த நடு ஆற்றுக் கோட்டைக்குச் சனம் கால் நனையாமல் நடந்து போனது. மோசலில அணை இருக்கிறபடியால் கோடை வறட்சியிலயும் தண்ணி மட்டம் நிக்கும். அக்டோபரில வாறவைக்கு இது முக்கியம்.

ஜன்னலோரம்:
அளவுகோலில் 25 என்றால் ஆற்றின் ஆழம் 25 என்று அர்த்தம் இல்லை. கப்பல் போகிற தடத்தில் அதற்கு மேல் ஒரு மீட்டருக்குக் கூடுதலாகவே தண்ணீர் இருந்தது. ஒவ்வொரு அக்டோபரும் 2018 கிடையாது. அணை என்று பேசுகிறீர்களே, 1993 டிசம்பர் வெள்ளத்தில் அந்த அணை கோகெமைக் காப்பாற்றியதா? வீட்டுச் சுவர்களில் வெள்ளம் வந்த உயரத்தைக் கோடு போட்டு வருடம் எழுதி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

வடலி:
டிசம்பர் வெள்ளத்தைக் கொண்டுவந்து அக்டோபருக்கு ஒட்டுறியள். அணை வெள்ளத்துக்குக் கட்டினதில்லை, கப்பலுக்குக் கட்டினது. சரி விடுங்கோ.

சைவச்சமையல்:
தண்ணீரைப் பற்றி இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள், அம்மா என்ன சாப்பிடுவார் என்று யாரும் கேட்கவில்லை. அக்டோபர் என்றால் திராட்சை அறுவடை, எல்லாக் கடை வாசலிலும் வெங்காய கேக் என்று பலகை இருக்கும். பார்த்தால் சைவம் மாதிரியே தெரியும், பெரும்பாலும் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு. அது இல்லாமல் கொடுங்கள் என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை, முன்பே சுட்டு வைத்தது. உருளைக்கிழங்கு சூப்பும் அப்படித்தான், இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்திருப்பார்கள். இறைச்சி இல்லை என்று ஓரளவு நம்பலாம் என்றால் சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே (நூடுல்ஸ் மாதிரி, ஆனால் மாவில் முட்டை இருக்கும்), சாலட், வறுத்த உருளைக்கிழங்கு (அதிலும் கேட்டுவிட்டு). இதையே 3 நாள் சாப்பிட முடியுமா?

இந்த மாதிரி ஊர்களில் நிறைய உணவகங்கள் திங்களோ செவ்வாயோ விடுமுறை, ஒரே நாளில் பாதிக் கடை மூடியிருப்பதும் உண்டு. ராத்திரி எட்டு, எட்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். அதனால் ஹோட்டலே வேண்டாம், அடுப்பு உள்ள ஃபெரியன்வோனுங் (விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு) எடுங்கள். பல பேர் 3 இரவுக்குக் குறைந்து தர மாட்டார்கள், உங்களுக்கு அது சரியாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் பூட்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பைல்ஷ்டைன் மாதிரி இடத்தில் கடை என்ற பேச்சே வேண்டாம், கோகெமில் வாங்கித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ரசப்பொடி, அரிசி, குட்டிக் குக்கர். முடிந்தது.

இருநதி:
எனக்கு ஒன்று புரியவில்லை. கோப்லென்ஸில் தங்கினால் ரைனும் மோசலும் சேருகிற இடமே வாசலில். இரண்டு பக்கமும் ரயில், ஆற்றுக்கு மேலே கேபிள் காரில் கோட்டைக்குப் போகலாம், 2011 தோட்டக் கண்காட்சிக்குக் கட்டியது. இந்திய உணவகமும் உண்டு. பகலில் சின்ன ஊர்களைப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்புங்கள். சின்ன ஊரில் ராத்திரி என்ன செய்யப் போகிறீர்கள்? அக்டோபர் நடுவில் ஆறே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

ஜன்னலோரம்:
ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கிற நகரம். கேட்டது சின்ன ஊர்.

வடலி:
இதில நானும் ஜன்னலோரமும் ஒரே கட்சி. பகல் முழுக்க ரயிலில ஏறி இறங்கினால் அந்த முழங்கால் என்னத்துக்காகும்?

தூக்கம்போச்சு:
அப்படியானால் பொப்பார்ட். ரைன் கரைதான், ஆனால் ஸ்டேஷனும் தண்டவாளமும் ஊருக்குப் பின்னால். ஆற்றோரம் நேராக நடைபாதை, படி கிடையாது, பெஞ்சு நிறைய. மேலே போகக் கம்பியில் தொங்கும் இருக்கை லிஃப்ட் இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் ஆறு வளைகிற இடம் முழுக்கத் தெரியும். சூப்பர் மார்க்கெட் உண்டு. எதிர்க்கரை சரக்கு வண்டி சத்தம் தண்ணீர் மேல் கேட்கும், அதை மறைக்கவில்லை, ஆனால் டம்ளர் நகராது.

ஜன்னலோரம்:
பொப்பார்டில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். பாகராக்கின் அழகில் பாதி கிடையாது.

சைவச்சமையல்:
அழகை வைத்துக் குழம்பு வைக்க முடியாது.

அடைமழை:
எல்லோருக்கும் நன்றி. மில்டன்பெர்கை யாருமே தொடவில்லையே?

தூக்கம்போச்சு:
நல்ல ஊர். சிவப்புக் கல் வீடுகள், ஆஷாஃபன்புர்க்கில் மாறிப் போகலாம். ஆற்றுச் சொகுசுக் கப்பல்கள் அங்கே நிற்கும், அந்த நேரத்தில் சந்தைத் திடலில் நடக்க முடியாது. கப்பல் பயணமே முக்கியம் என்றால் ரைன்தான்.

அடைமழை:
சரி, பொப்பார்டில் தேடினேன். தரைத்தளத்தில் அடுப்போடு ஒரு வீடு கிடைக்கிறது, ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு நாள் கப்பலில் சங்க்ட் கோவார் வரை. பாகராக் கூட்டிப்போவது அப்பாவின் முழங்காலைப் பொறுத்தது. இன்னொரு நாள் கோப்லென்ஸில் மாறி மோசல் பக்கம் போய் வருகிறோம். வடலி அண்ணா, அந்த பஸ் விஷயம் மட்டும் சொல்லுங்கள்.

வடலி:
கோகெம் ஸ்ரேசனுக்குப் பக்கத்திலயே பஸ் வரும், டாய்ச்லாண்ட் ரிக்கெற் அதிலயும் செல்லும். திரும்பி வாற கடைசி பஸ் நேரத்தை முதல்ல பாருங்கோ, போற நேரத்தைப் பிறகு பாக்கலாம். காலமை பள்ளத்தாக்கு முழுக்கப் பனிப்புகார் மூடியிருக்கும், பதினொரு மணிக்கு முன்னம் போய்ப் பிரயோசனமில்லை. தண்டவாள வேலை எண்டு அடிக்கடி ரயிலை நிப்பாட்டி பஸ் விடுகினம், முதல் நாள் இரவே ஆப்பில பாத்துக்கொள்ளுங்கோ.

ஜன்னலோரம்:
பாகராக்கைக் கப்பலிலிருந்து பார்க்கவாவது செய்யுங்கள். போகும்போது வலதுபக்கம் உட்காருங்கள்.

தூக்கம்போச்சு:
பொப்பார்டிலிருந்து போகும்போதுதானே? சரி, வலதுபக்கம்தான். ஆனால் சங்க்ட் கோவாரில் இறங்கிவிட்டால் பாகராக் வரவே வராது, அதையும் சொல்லுங்கள் சார்.