பூட்ஸ் போட்ட பூனை (1969): மூலக் கதையின் காரம் எங்கே போனது?

முற்றத்து வேம்பு:
ஜப்பானின் டோயி நிறுவனம் 1969இல் எடுத்த கார்ட்டூன் படமான 'பூட்ஸ் போட்ட பூனை'யை மறுபடி பார்த்தேன். இயக்கம் கிமியோ யாபுகி. படம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ எழுதிய கதையின் காரத்தை முழுக்க எடுத்துவிட்டார்கள்.

மூலக் கதையில் ஓர் ஆலைக்காரரின் மூன்றாவது மகனுக்குச் சொத்தாகக் கிடைப்பது ஒரு பூனை மட்டும். அந்தப் பூனையிடம் இருப்பது ஒரு பையும் ஒரு ஜோடி பூட்ஸும்தான். முயலைப் பிடித்துப் போய் ராஜாவிடம் கொடுத்து, கரபாஸ் பிரபு அனுப்பினார் என்கிறது; அது தன் எஜமானுக்குப் பூனையே கட்டிவிட்ட பெயர். வயலில் வேலை செய்பவர்களிடம், இது கரபாஸ் பிரபுவின் நிலம் என்று சொல்லாவிட்டால் கொத்துக்கறிதான் என்று மிரட்டுகிறது. ஒரு பொய்யைத் தாங்க இன்னொரு பொய். ஒன்றுமில்லாதவனின் மூளை ஊரையே வளைக்கிறது. படத்திலோ லூசிஃபர் என்றொரு மாய அரசன், பூனையைக் கொல்லத் துரத்தும் மூன்று பூனைகள், பாட்டு, காதல்! போதாததற்குப் படத்தில் அந்த மகனான பியர், இளவரசி ரோசாவிடம் போய், நான் பிரபு இல்லை என்று ஒப்புக்கொள்கிறான். அதோடு கதையின் முதுகெலும்பே முறிந்துவிட்டது.

நாணல்:
எனக்கு அங்கேதான் கதைக்கு முதுகெலும்பே வந்தது, நண்பரே. மூலத்தில் அந்த மூன்றாவது மகன் என்ன செய்கிறான்? ஆற்றில் குளி என்றால் குளிக்கிறான், கல்யாணம் செய் என்றால் செய்கிறான். ரோசாவிடம் உண்மையைச் சொல்லும் இடத்தில்தான் முதல்முறையாக அவனாக ஒரு காரியம் செய்கிறான். அதன் பிறகு அவளை மீட்க அவன் லூசிஃபரின் கோட்டை ஏறிப் போவதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

முற்றத்து வேம்பு:
உண்மையைச் சொன்னால் இளவரசி கிடைப்பாள் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆறுதல். பெரோ அப்படி ஆறுதல் சொல்லவில்லை. நல்ல உடையும் இளமையும் இருந்தால் மனசு மயங்கும் என்று கதையின் கடைசியில் நீதியாகவே எழுதி வைத்தார். உலகம் அப்படித்தான் இருந்தது, அதைச் சொன்னார்.

நாணல்:
சரி, எலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் பூனை பெரிய மனிதராகி, அப்புறம் பொழுதுபோக்குக்கு மட்டும் எலி பிடிக்கிறது. படத்தில் எலிகளுக்கு உதவியதற்காகத்தான் பூனைக் கூட்டமே அதன் மேல் கொலைகாரர்களை ஏவுகிறது. பின்னால் ஆபத்தில் கைகொடுப்பதும் அதே எலிகள். திரைக்கதை எழுதிய ஹிசாஷி இனோவும் மோரிஹிசா யமாமோட்டோவும் கதையைத் தலைகீழாகப் புரட்டி, வலியவன் எளியவனோடு நின்றால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். பூனைக்குப் பெரோ என்றே பெயரும் வைத்திருக்கிறார்கள். மூல ஆசிரியரை மதிக்காதவர்கள் செய்கிற காரியமா இது?

கோட்டுச் சித்திரம்:
இரண்டு பேரும் கதையையே பேசுகிறீர்கள். நான் படம் வரைகிறவன். கடைசிக் கோட்டைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அனிமேஷன் கலைஞர்களான யசுவோ ஓட்சுகாவும் அப்போது 28 வயதான ஹயாவோ மியாசாகியும் வேலை செய்த பகுதி அது. லூசிஃபரின் உயிர் ஒரு மண்டையோட்டுப் பதக்கத்தில் இருக்கிறது. அது கை மாறிக்கொண்டே போகிறது. படிக்கட்டு, பாலம், கோபுரம் என்று ஓட ஓட, எங்கே நிற்கிறோம், கீழே எவ்வளவு ஆழம் என்பது ஒரு கணமும் குழம்பாது. பொழுது விடிகிற வெளிச்சம் பதக்கத்தில் பட்டால்தான் லூசிஃபர் அழிவான், அதற்குள் மேலே போயாக வேண்டும். பத்து வருடம் கழித்து மியாசாகி தன் முதல் திரைப்படமான 'காக்லியோஸ்ட்ரோ கோட்டை'யை இயக்கினார். அதிலும் ஓட்சுகா இருந்தார். அதில் வரும் மணிக்கூண்டுச் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோபுரம்தான் நினைவுக்கு வரும்.

முற்றத்து வேம்பு:
அந்தத் துரத்தலை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் அங்கே ஓடுவது கால்கள், மூளை இல்லை. பழைய பூனை உட்கார்ந்த இடத்திலேயே ராட்சசனை முடித்தது: எலியாக உன்னால் மாற முடியுமா என்று ஒரே கேள்வி, மாறியதும் பிடித்துத் தின்றுவிட்டது!

நாணல்:
அந்தக் கேள்வி படத்திலும் இருக்கிறதே! லூசிஃபர் எலியாகிற நேரத்தில்தானே பதக்கம் கைக்கு வருகிறது?

முற்றத்து வேம்பு:
இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூலத்தில் அதோடு கதை முடிந்தது. இங்கே அதற்குப் பிறகுதான் ஓட்டமே தொடங்குகிறது. என் குறையே அதுதான்.

கோட்டுச் சித்திரம்:
அந்த ஓட்டத்துக்காகத்தான் நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.