சிறிய பொழுதுபோக்குப் பூங்கா, ஒரே நாள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு சின்னப் பூங்காவுக்குப் போகிறோம். மொத்தமே பதினைந்து ரைடுகள்தான். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. கூடவே, முழங்கால் வலியோடு என் அம்மா.

மகள் ரோலர் கோஸ்டருக்காக நாள் எண்ணுகிறாள். நேற்று குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று, தலைமேல் ஸ்கேலை வைத்து அளக்கச் சொன்னாள். 118 செ.மீ. அங்கே 120 இருந்தால்தான் ஏற்றுவார்கள். பாதுகாப்புக் கம்பி உடம்பைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்பதற்கான விதி அது. தளர்த்தச் சொல்லிக் கேட்க மாட்டேன். ஆனால் வரிசையில் நின்று திரும்பும்போது அவள் முகம் வாடுமே, அதுதான் கவலை. பெரியவர் துணையோடு ஏறக்கூடியவற்றில் எது அவளுக்கு அந்தக் குறையைத் தீர்க்கும்?

சின்னப் பூங்காக்களில் கோஸ்டருக்குப் பெரும்பாலும் ஒரே ரயில்தான். கூட்டம் குறைவாக இருந்தாலும் வரிசை மெதுவாகத்தான் நகரும். அதனால் வாசல் திறந்ததும் உள்கோடிக்குப் போய், அங்கிருந்து முன்னால் வரலாமா?

அப்புறம், மகனோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் ஏறி இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்காமல் ஆள் மாறிக்கொள்ளும் வசதி சிறிய இடங்களிலும் கிடைக்குமா? நீர்ச் சறுக்கை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஆனால் இடி மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்களே, காலையிலேயே முடித்துவிடுவது நல்லதா?

அம்மா நிழலில் உட்கார்ந்தபடியே பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நேரில் போய் வந்தவர்கள் அதற்கு எந்த மாதிரி இடம் தேடினீர்கள்?