கித்துள் பாணி காய்ச்சுறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அண்ணமாரே அக்காமாரே, இலங்கையில கினிகத்தேனை பக்கம் எங்க ஊராளுங்க கித்துள் மரத்து (கூந்தல்பனை) பதனிய எறக்கி காய்ச்சுற பாணிய வாங்க வர்றவர் சீனிப்பாணி விலைக்குத்தான் கேக்குறார், அதனால நாங்களே போத்தலுக்கு போத்தல் கியூஆர் ஒட்டி எந்த தோப்பு, எப்ப எறக்குனது, யார் காய்ச்சுனதுன்னு காட்டி கொழும்புக்கு நேரா அனுப்பலாம்னு பாக்குறோம்.

பிரிக்ஸ் மீட்டர் வாங்குங்கன்றாங்க. அது பாணி எவ்ளோ கெட்டின்னுதானே காட்டும், சீனி கலந்தாலும் அதே நம்பர் வருமே? கலப்பு இல்லன்னு காட்ட எந்த டெஸ்ட், எங்க செய்யலாம், செலவு எவ்ளோ வரும்?

இன்னொன்னு, பதனி புளிக்காம இருக்க முட்டியில ஹல் மரத்துப் பட்டை போடுறது பழைய வழக்கம், ஆனா கண்டபடி சுத்தி உரிச்சா அந்த ஹல் மரமே பட்டுப்போயிரும். வேற என்ன பாவிக்கிறீங்க? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க, யூடியூப் லிங்க் வேணாம் ப்ளீஸ்.